பெயரில்லாதவரின் சந்தேகம்

ஹெர்மான் சாமுவேல் ரைமாருஸ் என்ற பெயரை எங்கள் சபையில் சொன்னால் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் எங்கள் ஐயர் ஒருவர்தான். இறையியல் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்த பெயராம். "யூதாஸ்கூட மூன்று வருஷம்தான் கூட இருந்து ஏமாற்றினான், இந்த ஆள் முப்பது வருஷம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறப்பிலேயே லுத்தரன். ஐயர் வெளியூர் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறவன். அவருடைய தீர்ப்பை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1694 டிசம்பர் 22 அன்று ஹம்பர்க்கில் பிறந்தார். அப்பா அந்த ஊர் யோஹன்னேயும் பள்ளியில் ஆசிரியர். தாத்தா குருவானவர். பையன் யேனாவிலும் விட்டன்பெர்க்கிலும் இறையியலும் பழைய மொழிகளும் படித்தான். ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய் வந்தான். 1723இல் விஸ்மார் நகரப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பால்டிக் கடலோரத்து ஜெர்மன் ஊர்தான், ஆனால் அன்றைக்கு ஸ்வீடன் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஐந்து வருஷத்துக்குள் சொந்த ஊருக்கே திரும்பி, ஹம்பர்க் அகாடமிக் ஜிம்னாசியத்தில் எபிரெயத்துக்கும் கீழைமொழிகளுக்கும் பேராசிரியர். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நின்ற கல்விச்சாலை அது. 1761இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோதும் போகவில்லை. 1768 மார்ச் 1 அன்று இறக்கும் வரைக்கும் அதே வேலை, அதே ஊர்.

அவருடைய மாமனார் யோஹான் ஆல்பெர்ட் பபிரிசியுஸ், ஐரோப்பாவே மதித்த நூல் அறிஞர். தமிழ் லுத்தரன்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டவுடன் வேப்பேரியில் இருந்த பபிரிசியுஸ் ஐயர்தான் ஞாபகத்துக்கு வருவார். இவர் வேறு, அவர் வேறு. ஆனாலும் காலத்தை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1740இல் தரங்கம்பாடியில் இறங்கி, பிறகு சென்னையில் உட்கார்ந்து நம்முடைய பபிரிசியுஸ் வேதாகமத்தை வசனம் வசனமாகத் தமிழில் இறக்கிக்கொண்டிருந்தார். அதே வருஷங்களில், அதே எபிரெயப் புத்தகத்தை ஹம்பர்க்கில் ஒருவர் வசனம் வசனமாகக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஜெர்மன்காரர்கள், லுத்தரன் சபையில் வளர்ந்தவர்கள், பதம் பதமாகப் படிக்கும் படிப்பில் பழகியவர்கள்.

ரைமாருஸின் இந்த விசாரணை ஊருக்குத் தெரியாது. ஊர் அறிந்த ரைமாருஸ் வேறு. மாமனார் பாதியில் விட்டுப்போன டியோ காஸியுஸ் என்ற ரோம வரலாற்று ஆசிரியரின் கிரேக்க மூலத்தை முடித்து 1750-52இல் இரண்டு பெரிய தொகுதிகளாகப் பதிப்பித்தவர். 1754இல் இயற்கைச் சமயத்தின் உண்மைகளைப் பற்றி ஒரு நூல், 1756இல் தர்க்கத்தைப் பற்றி ஒரு பாடநூல், 1760இல் மிருகங்களின் இயல்பூக்கம் பற்றி இன்னொன்று. எல்லாம் நன்றாக விற்றன, எல்லாவற்றிலும் கடவுள் இருக்கிறார். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரை நாத்திகர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தேனீ யாரிடமும் படிக்காமல் ஆறு பக்க அறை கட்டுகிறதே, சிலந்தி முதல் வலையையே பிழையில்லாமல் பின்னுகிறதே, இதையெல்லாம் வெறும் இயந்திரம் என்று எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சு உலகாயதவாதிகளோடு சண்டைக்கு நின்றவர் அவர். படைத்தவர் ஒருவர் உண்டு, ஆத்துமாவுக்கு அழிவில்லை என்பதில் கடைசி வரைக்கும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

சந்தேகம் வந்தது வேதாகமத்தின் மேல். அந்தப் படைத்தவர் மோசேயிடமும் தீர்க்கதரிசிகளிடமும் அப்போஸ்தலரிடமும் தனியாகப் பேசினார், அந்தப் பேச்சை நம்பினால்தான் மற்ற மனிதருக்கெல்லாம் மீட்பு என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. 1730களின் நடுவில் எழுத ஆரம்பித்தார். எழுதினார், திருத்தினார், மறுபடி முதலிலிருந்து எழுதினார். சாகிற வரைக்கும் இதே வேலை. தலைப்பு, கடவுளைப் பகுத்தறிவால் வணங்குகிறவர்களுக்காக ஒரு தற்காப்பு என்ற பொருளில் இருக்கும். மனைவிக்குக்கூடத் தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. மகன் யோஹான் ஆல்பெர்ட் ஹைன்ரிஹுக்கும் மகள் எலீஸேக்கும் நெருங்கிய நண்பர் சிலருக்கும் தெரியும். காலம் தெளிகிற வரைக்கும் அச்சுக்குப் போகக் கூடாது என்று முன்னுரையிலேயே எழுதிவைத்திருந்தார்.

அதற்குள் என்ன இருந்தது என்பதற்கு எனக்குப் பழக்கமான இடத்தை எடுக்கிறேன். செங்கடல். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தின்படி எகிப்தை விட்டுப் புறப்பட்ட புருஷர் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம். பெண்கள், பிள்ளைகள், கிழவர் எல்லாரையும் சேர்த்தால் 30 லட்சத்துக்குக் குறையாது என்கிறார் ரைமாருஸ். பத்துப் பத்துப் பேராக வரிசை கட்டி நடந்தால் வரிசையின் நீளம் 180 ஜெர்மன் மைல், கடந்து முடிக்க ஒன்பது நாள். வேதாகமமோ ஒரே ராத்திரி என்கிறது: ராமுழுவதும் கீழ்க்காற்று வீசுகிறது, விடியற்காலத்தில் தண்ணீர் திரும்பி வந்து பார்வோனின் சேனையை மூடுகிறது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? நானும் போட்டுப் பார்த்தேன், முடிந்தவரை மோசேக்குச் சாதகமாக. 30 லட்சத்தைப் பத்தால் வகுத்தால் 3 லட்சம் வரிசை. வரிசைக்கு வரிசை ஒரே மீட்டர் இடைவெளி வைத்தேன். கைக்குழந்தையும் பிசைந்த மாவுப் பாத்திரமும் சுமந்து நடக்கிறவர்களுக்கு ஒரு மீட்டர் போதாது, போகட்டும். 300 கிலோமீட்டர். மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில், உட்காராமல், தூங்காமல், ராத்திரி பகல் நடந்தாலும் கடைசி வரிசை கடலுக்குள் கால் வைக்கவே 75 மணி நேரம். மூன்று நாளுக்கு மேல். ஆடுமாடுகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நூறு நூறு பேராக அகல வரிசை கட்டினால் ஏழரை மணி நேரத்தில் முடியுமே என்று யாராவது கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். ராத்திரியில், சேறும் பாசியும் பாறையுமான கடல்தரையில், மந்தைகளோடு, நூறு பேர் தோளோடு தோள் ஒட்டி நேர்வரிசையில் நடப்பதைப் பள்ளி விளையாட்டு விழா அணிவகுப்பு நடத்தியவன் யாரும் நம்ப மாட்டான்.

ஆகக் கணக்கு அவருடையதுதான் சரி. ஞாயிறு பள்ளியில் எனக்கு யாரும் இந்தக் கணக்கைக் கொடுத்ததில்லை, நானும் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் கணக்கிலிருந்து அவர் போகிற இடத்துக்கு நான் போக மாட்டேன். ஆயிரம் வருஷமாகப் பாட்டாகவும் பண்டிகையாகவும் ஒரு ஜனம் சுமந்து வந்த நினைவில் எண்கள் பெருத்துப் போகும். அது கணக்கெடுப்பு அலுவலர் எழுதிய பதிவேடு இல்லை. ரைமாருஸ் இப்படி யோசிக்கவே இல்லை. எண் தப்பென்றால் எழுதினவன் பொய்யன், பொய்யன் என்றால் அவனுக்கு ஏதோ ஆதாயம் இருந்திருக்க வேண்டும். அவருக்கு இந்த இரண்டே படிதான்.

உயிர்த்தெழுதலிலும் இதே கதை. நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து முரண்பாடுகளை எடுத்தார். மத்தேயுவில் இரண்டு மரியாள்கள் கல்லறைக்கு வருகிறார்கள். பூமி அதிர, தேவதூதன் ஒருவன் இறங்கிக் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்காருகிறான். மாற்குவில் மூன்று பெண்கள். கல் ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கிறது, உள்ளே ஒரு வாலிபன். லூக்காவில் இரண்டு பேர் பிரகாசமுள்ள வஸ்திரத்தோடு நிற்கிறார்கள். யோவானில் மகதலேனா மரியாள் தனியாக வந்து, வெறுமையைப் பார்த்து, ஓடிப்போய்ச் சொல்கிறாள். கல்லறைக்குக் காவல் வைத்த விஷயம் மத்தேயுவைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. சேவகர் தூங்கும்போது சீஷர்கள் உடலைத் திருடிக்கொண்டு போனார்கள் என்ற பேச்சு யூதருக்குள்ளே இந்நாள் வரைக்கும் நடமாடுகிறது என்று அதே மத்தேயு எழுதியிருக்கிறார். ரைமாருஸ் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டார். இயேசு எதிர்பார்த்தது யூதருக்கு வரவேண்டிய பூலோக ராஜ்யம். சிலுவையில் அது உடைந்தது. வலைக்கும் படகுக்கும் திரும்பிப் போக மனமில்லாத சீஷர்கள் உடலை எடுத்து மறைத்து, சில வாரம் பொறுத்திருந்து, எழுந்துவிட்டார் என்று அறிவித்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் பிணக்கு. மைதானத்தில் சண்டை நடந்து நாலு பையன்கள் என் மேசைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னால், நாலும் நாலு விதமாக இருக்கும். யார் முதலில் அடித்தது, கல்லா மட்டையா, எத்தனை பேர் பார்த்தார்கள், எதிலும் ஒற்றுமை இருக்காது. சண்டை நடந்தது நிஜம். நாலு பேரும் வரி பிசகாமல் ஒரே கதை சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும், வெளியில் கூடிப் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று. சதிக்காரர்கள் இவ்வளவு மோசமாகவா ஒத்திகை பார்த்திருப்பார்கள்? முரண்பாட்டைக் காட்டியதில் ரைமாருஸ் கெட்டிக்காரர். ஆனால் முரண்பாடுகள் காட்டுவது ஒப்பனையில்லாத சாட்சியை. அவர் கண்டது திட்டமிட்ட மோசடியை.

ஏன் மோசடி மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது? என் அனுமானம் ஒன்று உண்டு, சான்று கேட்டால் தர முடியாது. தான் உள்ளே ஒன்று நம்பி வெளியே வேறொன்றாக வாழ முடியும் என்று ரைமாருஸுக்கு அனுபவத்திலேயே தெரியும். ஊருக்குள் ஒழுங்கான லுத்தரன், எபிரெயப் பேராசிரியர், கௌரவமான வீடு. கதவைச் சாத்திக்கொண்டால் வேறு ஆள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் வருஷக் கணக்காக இதைச் செய்தவருக்கு, பதினொரு மீனவரும் ஆயக்காரரும் அதையே செய்திருப்பார்கள் என்று நினைப்பது கஷ்டமாக இருந்திருக்காது. ஒரு வித்தியாசம் அவர் யோசனையில் விழவில்லை. அவர் மௌனம் காத்ததால் சம்பளமும் வீடும் பத்திரமாக இருந்தன. சீஷர்கள் பேசியதால் அடிவாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள்.

கோழை என்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் பயந்ததற்குக் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. 1735இல் யோஹான் லொரென்ஸ் ஷ்மித் என்பவர் வெர்ட்ஹைமில் ஐந்தாகமங்களைப் பகுத்தறிவுக்கு ஒத்த முறையில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதில் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசனங்கள் கிறிஸ்துவைச் சுட்டுவதாகத் தொனிக்கவில்லை. அவ்வளவுதான். 1737இல் பேரரசரின் ஆணைப்படி புத்தகம் பறிமுதல், ஆள் சிறை. தப்பித்து ஹம்பர்க்குக்குப் பக்கத்திலிருந்த அல்டோனாவில் வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்தார்; 1749இல் வோல்ஃபன்பியூட்டலில் இறந்தார். ரைமாருஸ் இதையெல்லாம் பக்கத்து ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பஸ்தர் என்ன செய்வார்?

அல்டோனா என்றதும் இன்னொன்று. ஹம்பர்க் லுத்தரன் நகரம். கால்வின் வழிச் சபையார் அங்கே குடியிருக்கலாம், வியாபாரம் செய்யலாம், வெளிப்படையாக ஆராதனை நடத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நடந்து போய், டென்மார்க் ராஜாவின் அல்டோனாவில் கும்பிட்டுவிட்டு வருவார்கள். யூதருக்கும் மற்றவருக்கும் ஏதோ ஒரு வகையில் இடம் இருந்தது. ரைமாருஸின் கையெழுத்துப் பிரதியில் என்னை மிகவும் பாதித்த பகுதி அதிசயங்களைப் பற்றியது அல்ல, இதைப் பற்றியதுதான். யூதனை, துருக்கியனை, புறஜாதியானைக்கூடக் கிறிஸ்தவ நாடுகள் சகித்துக்கொள்கின்றன. கடவுளைப் புத்தியால் மட்டும் வணங்குகிறவனைச் சகிப்பதில்லை என்று வாதாடுகிறார். அவனுக்கு நடந்து போக ஓர் அல்டோனா கிடையாது. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம், கல்யாணத்துக்கு ஆலயம், செத்தால் கல்லறைத் தோட்டம், எல்லாம் சபையின் கையில். நடிக்க விருப்பமில்லாதவனையும் நடிக்க வைத்துவிட்டு, பிறகு நடிகன் என்று திட்டுகிற ஏற்பாடு. எங்கள் ஐயரின் யூதாஸ் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. யூதாஸை யாரும் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கவில்லை.

1768 பிப்ரவரி 19 அன்று நண்பர்களை விருந்துக்கு அழைத்து, இது விடைபெறும் சாப்பாடு என்று அவரே சொன்னாராம். மூன்று நாளில் படுத்தார். அதன் பிறகு எழவில்லை.

மீதிக் கதை நாடக ஆசிரியர் லெஸ்ஸிங்குடையது. நாடக அரங்கு வேலைக்காக 1767இல் ஹம்பர்க் வந்த லெஸ்ஸிங்குக்கு ரைமாருஸின் பிள்ளைகள் நண்பர்கள். பிரதி அவர்கள் வழியாகவே அவர் கைக்குப் போனது. தகப்பனார் பெயர் வெளியே வரக் கூடாது என்பது நிபந்தனை. 1770இல் வோல்ஃபன்பியூட்டல் நூலகராக லெஸ்ஸிங் போனார். அச்சிட வேண்டாம் என்று பெர்லின் நண்பர்கள் மெண்டல்சோனும் நிக்கோலாயும் தடுத்தார்கள். கேட்கவில்லை. நூலகத்துப் பழைய ஏடுகளில் கிடைத்ததாகப் பாவனை செய்து, பெயரில்லாதவர் எழுதியது என்று சொல்லி, 1774இல் சகிப்பைப் பற்றிய பகுதியை வெளியிட்டார். 1777இல் இன்னும் ஐந்து: செங்கடலும் உயிர்த்தெழுதலும் அதில் வந்தன. 1778இல் இயேசுவின் நோக்கத்தைப் பற்றியது. ஆசிரியர் யாராக இருக்கலாம் என்று கேட்டவர்களுக்கு, செத்துப்போன ஷ்மித்தின் பக்கம் கையைக் காட்டிவிட்டார். பாவம் அந்த ஷ்மித், உயிரோடிருக்கும்போது தன் புத்தகத்துக்காக உதை வாங்கியவர், செத்த பிறகு அடுத்தவர் புத்தகத்துக்காகவும்.

லெஸ்ஸிங் ரைமாருஸோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தன் எதிர்க்கருத்தையும் சேர்த்தே அச்சிட்டார். எழுத்தில் குறை கண்டால் ஆவியில் குறை கண்டதாகாது. வேதாகமம் வருவதற்கு முன்பே மார்க்கம் இருந்தது. என்றோ நடந்த ஒரு சம்பவத்தை எவ்வளவு நம்பினாலும் அது புத்திக்கு உரிய நித்திய உண்மைக்கு நிரூபணமாகாது என்பது அவர் பக்கம். இந்தக் கடைசி வாதம் இரண்டு தரப்பாரின் காலுக்குக் கீழேயும் தரையை உருவிவிடுகிறது. வரலாற்றைக் காட்டி விசுவாசத்தை இடிக்கப் பார்த்த ரைமாருஸுக்கும் அது ஆகாது, வரலாற்றைக் காட்டி அதைத் தாங்கப் பார்த்த போதகர்களுக்கும் ஆகாது.

ஹம்பர்க் புனித கத்தரீனாள் ஆலயத்தின் தலைமைப் போதகர் கோயட்ஸே பாய்ந்தார். தன் ஊரிலேயே வாழ்ந்து, தன் ஊரிலேயே கௌரவமாக அடக்கம் செய்யப்பட்ட பேராசிரியரின் எழுத்தைத்தான் குத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது போலும். அடி முழுவதும் லெஸ்ஸிங் மேல் விழுந்தது. அந்தச் சமயத்தில் லெஸ்ஸிங் வீட்டில் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். 1777 கிறிஸ்துமஸ் அன்று பிறந்த குழந்தை மறுநாளே செத்தது. 1778 ஜனவரி 10 அன்று மனைவி ஏவா. அந்த வருஷமே கோயட்ஸேக்குப் பதிலாகப் பதினொரு துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். ஜூலையில், நூலகத்தின் எஜமானரான பிரவுன்ஷ்வைக் கோமகன், தணிக்கை இல்லாமல் அச்சிட அவருக்கு இருந்த விலக்கைப் பிடுங்கிக்கொண்டார். வாதம் செய்ய வழியடைந்ததும் நாடகத்துக்குத் திரும்பி 1779இல் 'ஞானி நாதான்' எழுதினார். எழுதப் போகிறேன் என்ற யோசனையை அவர் எழுதிச் சொன்னது யாருக்கு? ரைமாருஸின் மகள் எலீஸேக்கு.

தகப்பன் பத்திரமாக வைத்துப்போன சந்தேகத்துக்கு, அதை ஏற்காத ஒருவர் விலை கொடுத்தார். எனக்கு ரைமாருஸ் மேல் குறை இருக்கிறதென்றால் இதுதான், அவர் பொய்யாக வாழ்ந்தார் என்பது அல்ல. முப்பது வருஷம் எழுதியும் அந்தப் புத்தகத்தை எதிர்க்கத் தெரிந்த ஒருவர் கண்ணிலும் படவிடவில்லை. ஒப்புக்கொள்ளக் கூடிய நண்பர்கள் மட்டும் படித்தார்கள். ஹால்லே இறையியலாளர் செம்லர் 1779இல் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஆள் செத்துப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேரே, "ஐயா, முரண்பாடு சரி, மோசடி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தால் அந்தப் பகுதி அப்படி இறுகியிருக்காது என்று நினைக்கிறேன். இயேசுவை அவர் காலத்து யூத எதிர்பார்ப்புகளுக்குள் வைத்துப் படிக்க வேண்டும் என்று முதலில் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். 1906இல் ஆல்பர்ட் சுவைட்சர் இயேசுவின் வரலாற்றைத் தேடிய ஆராய்ச்சிகளின் கதையை ரைமாருஸில்தான் தொடங்கினார். அவ்வளவு கூர்மையான புத்தி, ஒரு திருட்டுக் கதையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஆசிரியர் இன்னார் என்பதை மகன் 1814இல்தான் சொன்னார். மருத்துவரான அவர் ஹம்பர்க்கில் இடிதாங்கி வைக்கச் சொல்லிப் பாடுபட்டவர். அவர் சாகும் வருஷத்தில் பிரதி நூலகத்துக்குப் போனது. முழுப் புத்தகம் அச்சானது 1972இல், இரண்டு தடித்த தொகுதிகளாக. காலம் தெளிய அவ்வளவு வருஷம் பிடித்தது போலும்.

நான் எங்கள் சபை வாலிபர் வேதபாடத்தில் செங்கடல் கணக்கைப் பலகையில் போட ஆரம்பித்துவிட்டேன். 6 லட்சத்திலிருந்து தொடங்கி அவர்களே போடுகிறார்கள். ஆடுமாடுகளைச் சேர்த்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஐந்து நாளுக்கு மேல் வந்தது. அவளிடம் யாராலும் வாதாட முடியவில்லை. பெற்றோர் ஒருவர் வீட்டுக்கே வந்து, பிள்ளைகள் விசுவாசத்தை விட்டுவிட்டால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார். முடியாது என்றேன். கணக்கை நான் போடாவிட்டாலும் அவர்கள் தனியாக உட்கார்ந்து போடத்தான் போகிறார்கள், அப்போது பக்கத்தில் மறுத்துப் பேச ஆள் இருக்காது என்றும் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. பையனை இரண்டு வாரம் அனுப்பவில்லை, பிறகு அனுப்பினார். இப்போது நான்கு சுவிசேஷங்களின் கல்லறைக் காட்சியை நாலு பத்தியாகப் பிரித்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.